உழைக்கும் தாயும் ஊராரின் பொறுப்பும்

 

   அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும் பின்னர் உங்களுக்கும் உபதேசம் செய்து கொள்கிறேன்.

தாயும் தந்தையும் வேலைக்குப் போன பிறகு வீட்டிலுள்ள கைக்குழந்தையை யார் பார்த்துக் கொள்வது? இந்தக் கேள்வியையே இன்றைய உரைக்கு எடுத்துக் கொண்டேன். இது பெண்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக் கொள்ளும் அடுப்படி விஷயம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் கலீஃபா ஒருவரைத் தொழுகையில் அழ வைத்த விஷயம் இது. மார்க்கச் சட்ட நூல்களில் தனிப் பாடமாக எழுதப்பட்ட விஷயம் இது.

மக்தபில் நடந்தது

சேரம்பாடியின் காலை நேரம் உங்களுக்குத் தெரியாததன்று. மலை முழுதும் பனி மூடிக் கிடக்கும்போதே லைன் வீடுகளில் அடுப்பு எரியும். எட்டு மணிக்குள் தாய்மார்கள் கூடையும் பிளாஸ்டிக் படுதாவுமாகக் கொழுந்து பறிக்கச் சரிவில் ஏறிவிடுவர். தோட்ட வேலை இல்லாதவர்கள் ஜீப்பில் ஏறி, எல்லை தாண்டி வயநாட்டுக்குக் காப்பி பறிக்கவும் மிளகு பறிக்கவும் செல்வர். ஆண்களோ கடையிலும் வண்டியிலும் கட்டட வேலையிலும் இருப்பர். சிலர் கடல் கடந்து வளைகுடாவில் இருப்பர். மாலை மங்கும் வரை இந்த வீடுகளில் இருப்பவர்கள் முதியவர்களும் பிள்ளைகளும் மட்டுமே. யானை எந்த வேளையில் எந்தப் பாதையில் இறங்கும் என்று சொல்ல முடியாத ஊர் இது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு பிழையை உங்களிடம் சொல்லியாக வேண்டும். நம் மக்தபில் பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி ஓதி வந்தாள். சில நாட்களாக இடுப்பில் தன் தம்பியைச் சுமந்து கொண்டு வரத் தொடங்கினாள். குழந்தை அழுதது, பாடம் கலைந்தது. இரண்டு முறை பொறுத்துக் கொண்டேன். மூன்றாம் முறை, "ஓத வருவதென்றால் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வா" என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் போனாள். மறுநாள் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. மூன்று வாரங்கள் கழித்து விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. பிள்ளையைப் பார்த்து வந்த பாட்டி படுத்த படுக்கையாகிவிட்டார். தாய் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஆகவே அந்தச் சிறுமி பள்ளிக்கூடத்தையும் விட்டிருந்தாள். அவளுக்கு மிஞ்சியிருந்தது மக்தப் ஒன்றுதான். அதையும் என் ஒரு சொல் பறித்துவிட்டது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மகள் ஸைனப் (ரலி) அவர்களின் குழந்தையான உமாமாவைத் தோளில் சுமந்தவாறே தொழ வைத்தார்கள் என்பதும், ருகூவுக்குச் செல்லும்போது இறக்கி வைத்து, எழும்போது மீண்டும் தூக்கிக் கொண்டார்கள் என்பதும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான செய்தி. பின்னால் நிற்கும் பெண்ணின் குழந்தை அழும் சப்தம் கேட்டால், அந்தத் தாயின் மனம் படும் பாட்டை எண்ணி, தொழுகையையே சுருக்கிக் கொள்வார்கள் என்பதும் ஹதீஸில் உள்ளது. இவற்றை மதரஸாவில் ஆண்டுக்கணக்கில் ஓதியவன் நான். மற்றவர்களுக்குப் பயானில் சொல்லியும் இருக்கிறேன். ஆயினும் குழந்தை என் முன்னால் அழுதபோது எனக்கு நினைவுக்கு வந்தது பாடம் மட்டும்தான். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

உமர் (ரலி) அவர்களின் கண்ணீர்

இத்தகைய பிழையிலிருந்து எப்படி மீள்வது என்பதையும் நம் வரலாறு கற்றுத் தருகிறது. இப்னு ஸஅத் (ரஹ்) அவர்கள் தம் தபகாத் நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார்கள். அதன் சாரத்தைச் சொல்கிறேன்.

மதீனாவுக்கு வணிகக் கூட்டம் ஒன்று வந்து தங்கியது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை அழைத்துக் கொண்டு அந்த இரவு முழுதும் அவர்களுக்குக் காவல் இருந்தார்கள். நடு இரவில் ஒரு குழந்தையின் அழுகை கேட்டது. அருகில் சென்று, குழந்தையை நன்கு கவனித்துக் கொள்ளும்படி தாயிடம் கூறிவிட்டுத் திரும்பினார்கள். மீண்டும் அழுகை, மீண்டும் அதே உபதேசம். இரவின் கடைசிப் பகுதியில் மூன்றாவது முறையும் அழுகை கேட்டபோது, இப்படியும் ஒரு தாயா என்று கடிந்து கொண்டார்கள்.

தம்முடன் பேசுபவர் யார் என்றே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. இரவெல்லாம் தன்னைத் தொந்தரவு செய்வதாகச் சலித்துக் கொண்ட அவர், குழந்தையைப் பால் மறக்கச் செய்வதாகவும் அது மறுத்து அழுவதாகவும் சொன்னார். காலத்துக்கு முன்பே ஏன் மறக்கடிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, பால்குடி மறந்த பிள்ளைகளுக்கு மட்டுமே உமர் உதவித்தொகை கொடுக்கிறார் என்று பதில் வந்தது.

சகோதரர்களே, சற்று நிதானித்துப் பாருங்கள். மூன்று முறை தாயைக் குறை சொன்னவர், நான்காவதாகத் தம்மையே குற்றவாளிக் கூண்டில் கண்டார். அழுகைக்குக் காரணம் தாயின் அலட்சியம் அன்று, தாம் வகுத்த விதி என்பதை அறிந்தார். அன்றைய ஃபஜ்ர் தொழுகையில் அவர்கள் ஓதியது மக்களுக்கு விளங்காத அளவுக்கு அழுகை மேலிட்டது. தொழுகை முடிந்ததும், தம் விதியால் எத்தனை பிள்ளைகள் மடிந்தார்களோ என்று கலங்கினார்கள். குழந்தைகளைப் பால் மறக்கடிக்க அவசரப்பட வேண்டாம், இஸ்லாத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த நாள் முதலே உதவித்தொகை உண்டு என்று அறிவித்து, எல்லாப் பகுதிகளுக்கும் எழுதி அனுப்பினார்கள். தெருவில் கண்டெடுக்கப்பட்ட, தாய் தந்தை யாரென்றே தெரியாத குழந்தைக்கும் பாலூட்டும் செலவைப் பைத்துல்மாலிலிருந்து கொடுத்தார்கள்.

குடும்ப நலக் கொள்கை என்று இன்று அரசுகள் பேசுவதை அன்றே செய்து காட்டிய ஆட்சி அது. குழந்தை அழுதால் தாயைக் கண்டிப்பது எளிது. அந்தத் தாயை அந்த நிலைக்குத் தள்ளிய விதி எது என்று தேடுவதே உமர் (ரலி) அவர்களின் வழி.

திருமறை என்ன சொல்கிறது?

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தை நிதானமாக ஓதிப் பாருங்கள். முழுமையான இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பேசும் அவ்வசனம், அந்தக் காலத்தில் தாய்க்குரிய உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பில் வைக்கிறது. எவரையும் அவர் சக்திக்கு மீறிச் சுமக்கச் செய்யலாகாது என்கிறது. பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாய்க்கும் துன்பம் கூடாது, தந்தைக்கும் துன்பம் கூடாது என்று இரு பக்கமும் பார்க்கிறது. பால்குடி மறக்கச் செய்வதைக் கூட இருவரும் கலந்தாலோசித்து மனமொப்பிச் செய்ய வேண்டும் என்கிறது. வேறொரு பெண்ணைக் கொண்டு பாலூட்டச் செய்தால், அவளுக்குரியதை முறைப்படி கொடுத்துவிட வேண்டும் என்றும் நிபந்தனை இடுகிறது. தலாக் அத்தியாயத்தின் 6ஆம் வசனமும், மணவிலக்குப் பெற்ற தாய் பாலூட்டினால் அதற்குரிய கூலியைக் கொடுக்குமாறு கட்டளையிடுகிறது.

இதிலிருந்து நாம் விளங்கிக் கொள்வது என்ன? பிள்ளையைப் பார்ப்பது உழைப்பு. அந்த உழைப்புக்கு மதிப்பு உண்டு, விலையும் உண்டு. அந்தச் செலவு தாயின் தலையில் மட்டும் விழக் கூடாது. நம் ஃபுகஹாக்கள் ஹளானா, அதாவது குழந்தை வளர்ப்பு என்ற தலைப்பிலேயே தனிப் பாடம் எழுதி, அதன் செலவை யார் ஏற்பது என்பதைப் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு உம்ராவை முடித்து நபியவர்கள் மக்காவிலிருந்து புறப்பட்டபோது, ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் மகள் பின்னால் ஓடி வந்தாள். அந்தச் சிறுமியை நான் வளர்க்கிறேன், நான் வளர்க்கிறேன் என்று அலீ, ஜஅஃபர், ஸைத் (ரலி) ஆகிய மூவரும் போட்டியிட்டனர். ஜஅஃபர் (ரலி) அவர்களின் மனைவி அச்சிறுமியின் தாயுடன் பிறந்தவர் என்பதால், சின்னம்மா தாயின் இடத்தில் இருப்பவர் என்று கூறி நபியவர்கள் அவர்களிடமே ஒப்படைத்தார்கள். ஒரு குழந்தையைப் பார்க்கும் பொறுப்புக்காக மூன்று ஆண்கள் வழக்காடிய சமுதாயம் அது. நம் ஊரில் இந்தப் பொறுப்பு பத்து வயதுச் சிறுமியின் இடுப்பில் கிடக்கிறது.

மலைத்தோட்டம் சொல்லும் பாடம்

நம் மலையின் வரலாற்றையும் பாருங்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்று விதித்தது. 1981இல் வந்த திருத்தம், பெண் தொழிலாளர்களின் குழந்தைகள் 20 பேர் இருந்தாலே போதும் என்று அதை விரிவாக்கியது. நகரத்து அலுவலகங்கள் காப்பகத்தைப் பற்றி எண்ணிப் பார்ப்பதற்கு வெகு காலம் முன்பே, தோட்டங்களில் ஆயாவும் தொட்டிலும் இருந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, டான்டீ தோட்டங்களில் குடியேறிய மூத்தோரைக் கேளுங்கள். அங்கும் பிள்ளை மடுவம் இருந்ததை நினைவு கூர்வார்கள்.

ஆனால் இதே மலையில் வேறொரு கணக்கும் எழுதப்பட்டது. 1971இல் தோட்ட அதிபர்களின் சங்கமான உபாசி, நீலகிரியின் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஒரு பெண் தொழிலாளி கருத்தரிக்காமல் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் அவர் பெயரில் 5 ரூபாய் வைப்பில் சேரும். பிள்ளைகள் கூடினால் அந்தத் தொகை குறையும், பறிபோகவும் செய்யும். பிரசவச் சலுகை, மருத்துவம், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் நிர்வாகம் செலவிட வேண்டியிருப்பதால், பிறக்காத பிள்ளை லாபம் என்பதே அந்தக் கணக்கு.

கருத்தடை பற்றிய மார்க்கச் சட்டத்தை இங்கு நான் ஆராய வரவில்லை. இரண்டு கணக்கேடுகளை அருகருகே வைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒன்றில், குழந்தை பிறந்த அன்றே அதன் பெயரில் வரவு எழுதப்படுகிறது. மற்றொன்றில், குழந்தை பிறந்தால் தாயின் பெயரில் பற்று எழுதப்படுகிறது. நம் வீடும் நம் ஜமாஅத்தும் எந்தக் கணக்கேட்டை வைத்திருக்கின்றன?

சட்டம் எட்டும் இடமும் எட்டாத இடமும்

2017இல் பேறுகால நலச் சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் 26 வார விடுப்பு வந்தது. 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் காப்பகம் வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றும் விதி செய்யப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டங்களின் இடத்தைப் பெற்றுள்ளன. 50 தொழிலாளர்கள் உள்ள தோட்டத்துக்குக் காப்பகம் என்பது அவற்றிலும் இடம்பெற்றுள்ளது. 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் நம் பகுதியிலும் உள்ளன.

உரிமையைக் கேட்டுப் பெறுவதில் வெட்கம் இல்லை. பெரிய தோட்டத்தில் வேலை செய்யும் சகோதரி, காப்பகம் எங்கே என்று தொழிற்சங்கத்தின் மூலமாகக் கேட்கட்டும். அங்கன்வாடியில் பிள்ளையின் பெயரைப் பதியட்டும். ஆயினும் இரண்டு ஏக்கர் சிறு தோட்டத்தில் நான்கு பேருடன் கொழுந்து பறிப்பவருக்கு எந்த 50 பேர்க் கணக்கு பொருந்தும்? இன்று இங்கும் நாளை அங்கும் ஜீப்பில் போகிறவருக்கு எந்த முதலாளி தொட்டில் கட்டுவார்? அங்கன்வாடி சத்துணவும் முன்பருவக் கல்வியும் தருகிறது. ஒரு வயதுக் குழந்தையை அதிகாலை முதல் அந்தி வரை வைத்துக் காப்பது அதன் முதன்மை நோக்கம் அன்று. நகரத்தில் பணம் கொடுத்துத் தனியார் காப்பகத்தில் விடுவோர் உண்டு. இங்கே தாயின் தினக்கூலியில் பெரும்பகுதியை அதற்கே கொடுத்துவிட்டால் அவர் எதற்காக வேலைக்குப் போக வேண்டும்? சட்டம் எட்டாத அந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

ஒரு வாதமும் விடையும்

"பெண் வீட்டில் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே, ஹஜ்ரத்!" என்று சில பெரியவர்கள் என்னிடம் கூறினார்கள். குடும்பத்துக்குச் செலவு செய்வது ஆணின் கடமை என்பதில் ஐயமில்லை. அப்படிச் சொல்லும் நாம் அந்தக் கடமையை முழுதாக நிறைவேற்றுகிறோமா? கணவனை இழந்தவர், தலாக் சொல்லப்பட்டவர், நோயாளிக் கணவனை வைத்துக் காப்பவர் ஆகியோரின் வீட்டு அரிசிப் பானையை நம்மில் யார் நிரப்புகிறோம்? செலவை ஏற்கவும் மாட்டோம், உழைக்கப் போனால் குறையும் சொல்வோம் என்பது நீதியாகாது. அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்கள், கணவரின் நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து நெடுந்தூரம் நடந்து வந்ததை அவர்களே அறிவித்துள்ளார்கள். பின்னர் தந்தை ஒரு பணியாளரை அனுப்பிக் குதிரைப் பராமரிப்பை ஏற்கச் செய்தபோது, தமக்கு விடுதலையே கிடைத்தது போலிருந்தது என்றும் சொல்லியுள்ளார்கள். பாரத்தைக் கண்ட தந்தை அறிவுரை அனுப்பவில்லை, ஆள் அனுப்பினார்.

தந்தையரே, உங்களுக்கும் ஒரு சொல். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் எழுந்து செல்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நாள் முழுதும் சரிவில் நின்று வந்தவள் அடுப்பில் நிற்கும்போது, குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக் கொள்வது ஆண்மைக்கு இழுக்கு என்று கருதாதீர்கள். அது ஸுன்னத்.

பூட்டிக் கிடக்கும் அறை

இறுதியாக, நம் ஜமாஅத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். காலை மக்தப் எட்டரை மணிக்கு முடிகிறது. மாலை மக்தப் ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. இடைப்பட்ட நேரம் முழுதும் நம் மதரஸா அறை பூட்டிக் கிடக்கிறது. தாய்மார்கள் சரிவில் நிற்கும் நேரமும் அதுவே. அறை இருக்கிறது, கூரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சுற்றுச்சுவர் இருக்கிறது. இல்லாதது நம் மனம்தான்.

பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பெண்கள் தேவை. நூறு குடும்பங்கள் மாதம் 200 ரூபாய் கொடுத்தால் 20,000 ரூபாய் சேரும். இயன்ற தாய்மார் சிறு தொகை கொடுக்கட்டும். இயலாதவரிடம் கேட்க வேண்டாம். பார்த்துக் கொள்ளும் பெண்களை, ஸவாபுக்காகச் செய்யுங்கள் என்று சொல்லிச் சும்மா உழைக்க வைக்காதீர்கள். கூலியைப் பேசி, மாதம் பிறந்ததும் கொடுத்துவிடுங்கள். பிள்ளை வளர்ப்பின் கூலியை அல்லாஹ்வே தன் வேதத்தில் எழுதியிருக்கும்போது நாம் பேரம் பேச என்ன இருக்கிறது? இதற்கான செலவைப் பொதுவான ஸதகாவிலிருந்து செய்வோம். ஜகாத்தை அதற்குரிய ஏழைகளின் கையிலேயே சேர்ப்போம். அக்கம்பக்கத்து மாற்று மத சகோதரியின் பிள்ளையும் வந்தால் முகம் கோணாமல் சேர்த்துக் கொள்வோம். அண்டை வீட்டாரின் உரிமை மதம் பார்த்து வருவதன்று.

ஒரு சட்ட விளக்கமும் சொல்லிவிடுகிறேன். பிறர் குழந்தையைப் பார்த்துக் கொள்ளும் தாய் இரக்கப்பட்டுத் தன் பாலைக் கொடுத்துவிட்டால், அது பால்குடி உறவை உண்டாக்கும். ஹனஃபி மத்ஹபில் ஒரு முறை கொடுத்தாலே உறவு ஏற்படும். ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை வேண்டும். அந்தப் பிள்ளைகள் பின்னாளில் ஒருவரையொருவர் மணக்க முடியாது. ஆகவே அப்படி நடந்தால் இரு வீட்டாரும் அறிந்து எழுதி வைத்துக் கொள்ள வேண்டும்.

பள்ளிவாசலுக்கு மினாரா கட்ட வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் பேசினோம். நல்லது, கட்டுவோம். அதற்கு முன், பாங்கு சப்தம் எட்டும் தூரத்தில் பூட்டிய வீட்டுக்குள் ஒரு குழந்தை தனியே அழுது கொண்டிருக்கிறதா என்று பார்த்து வருவோம். நான் விரட்டிய அந்தச் சிறுமியின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவள் மீண்டும் வந்தாள், தம்பியையும் தூக்கிக் கொண்டுதான் வந்தாள். அவனை என் மடியில் வைத்துக் கொண்டு பாடம் நடத்தினேன். ஆனால் ஓர் உஸ்தாதின் மடி ஓர் ஊருக்குப் போதாது. அதனால்தான் உங்களிடம் அறையின் சாவியைக் கேட்கிறேன். ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகிகள் அமர்ந்து பேசி ஒரு முடிவு சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் குழந்தைகளை உன் பாதுகாப்பில் வைப்பாயாக! உழைக்கும் தாய்மார்களின் பாரத்தை இலேசாக்குவாயாக! பிறர் அழுகையைக் கேட்டு முதலில் எங்களையே கேள்வி கேட்கும் உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!